ஈமத்தாழியில் கலந்த எலும்புகள்

கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களில் பலர் இறந்தவர்களைச் சிதையில் எரித்து, எலும்புகளைப் பொறுக்கி, கையால் வனைந்த மண்தாழியில் இட்டுப் புதைத்தார்கள். அந்தத் தாழிகளைத் திறந்து ஆராய்ந்தபோது பலவற்றில் மனித எலும்போடு விலங்கெலும்பும் கலந்து கிடந்தது. குதிரை, ஆடு, மாடு, பன்றி, நாய் ஆகியவை அடிக்கடி வருகின்றன. மான், பறவை, கரடி ஆகியவை அருகியே வருகின்றன. இதிலிருந்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. இறந்தவரோடு விலங்கை ஏன் எரித்தார்கள்? எரிந்து முடிந்தபின் இரண்டின் எலும்பையும் ஏன் ஒரே கலத்தில் சேர்த்தார்கள்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அந்த மக்கள் மனிதனை எப்படிப்பட்ட உயிராகக் கருதினார்கள் என்பதற்கு அருகில் நம்மைக் கொண்டுசெல்வது இரண்டாவது கேள்வி.

அக்காலத்தில் இங்கிலாந்தில் புதைத்தல், எரித்தல் இரண்டும் வழக்கில் இருந்தன. தென்பகுதியில் உடலைப் புதைப்பதே மிகுதி. நார்ஃபோக், சஃபோக், லிங்கன்ஷயர், கிழக்கு யார்க்ஷயர் பகுதிகளில் தகனம் மேலோங்கியிருந்தது. அங்கே நூற்றுக்கணக்கிலும், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேலும் தாழிகள் கொண்ட பெரும் ஈமக்காடுகள் உள்ளன. லிங்கன்ஷயரின் லவ்டன் ஹில், கிளீதம், எல்ஷம், யார்க்ஷயரின் சாங்க்டன், நார்ஃபோக்கின் கேஸ்டர்-பை-நாரிச் ஆகியவை அவற்றுள் சில. எல்லாவற்றிலும் விரிவாக ஆராயப்பட்டது நார்ஃபோக்கிலுள்ள ஸ்பாங் ஹில். 1972 முதல் 1981 வரை கேத்தரின் ஹில்ஸ் தலைமையில் நடந்த அகழாய்வில் அங்கே 2,300-க்கும் மேற்பட்ட தகன அடக்கங்கள் கிடைத்தன. உடலைப் புதைத்த குழிகள் 57 மட்டுமே. தாழி ஒன்றுக்கு மூடியாக இருந்த, தலையைக் கைகளில் தாங்கி அமர்ந்திருக்கும் மண் உருவமும் அங்கே கிடைத்ததுதான். 'ஸ்பாங் மனிதன்' என்று பெயர் பெற்ற அது இப்போது நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது.

தாழிகளை அறிஞர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். எலும்புகள்தான் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1658-இல் நாரிச் நகர மருத்துவர் தாமஸ் பிரவுன், வால்சிங்ஹாமில் தோண்டியெடுக்கப்பட்ட தாழிகளைப் பார்த்து, சாவையும் மறதியையும் குறித்து 'ஹைட்ரியோடாஃபியா' என்ற புகழ்பெற்ற நூலை எழுதினார். அவற்றை அவர் ரோமானியருடையவை என்று கருதினார்; உண்மையில் அவை ஆங்கிலோ-சாக்சன் தாழிகள். பின்வந்த முந்நூறு ஆண்டுகளில் தோண்டியவர்களில் பெரும்பாலோர் பானையின் வடிவத்தையும் அதன் மேலுள்ள முத்திரைக் கோலங்களையுமே போற்றினார்கள். உள்ளே இருந்த சாம்பல் நிறத் துண்டுகளை வாரி வெளியே கொட்டியவர்களும் உண்டு. 1960-இல் கால்வின் வெல்ஸ் என்ற மருத்துவர் இல்லிங்டன் ஈமக்காட்டின் எரிந்த எலும்புகளைக் கூர்ந்து ஆராய்ந்து வெளியிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ஸ்பாங் ஹில்லின் எலும்புகளை ஜாக்குலின் மெக்கின்லியும், அவற்றுள் விலங்கினுடையவற்றை ஜூலி பாண்டும் ஆராய்ந்தனர். 1994-இல் வெளிவந்த அந்த அறிக்கைதான் இந்தத் துறையின் அடித்தளம்.

எரிந்த எலும்பைப் படிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. விறகுச் சிதையின் வெப்பம் 800, 900 பாகையைத் தாண்டும்போது எலும்பிலுள்ள கரிமப்பொருள் முழுதும் எரிந்துவிடுகிறது. எலும்பு கருமை, நீலச் சாம்பல், வெண்மை என்று நிறம் மாறி, சுருங்கி, வளைந்து, வெடிக்கிறது. கையில் கிடைப்பது பெரும்பாலும் சிறு துண்டுகளே. அவற்றுள் பல் வேர், மூட்டு முனை, கணுக்கால் எலும்பு போன்றவற்றைக் கொண்டுதான் இது மனிதனுடையது, இது குதிரையுடையது என்று பிரிக்க முடிகிறது. செம்மறியா வெள்ளாடா என்பதை இந்தத் துண்டுகளைக் கொண்டு சொல்வது அரிது. ஆகவே ஆய்வறிக்கைகளில் இரண்டும் ஒரே இனமாகவே எண்ணப்படுகின்றன. அடையாளம் காண முடியாத துண்டுகள் எப்போதும் மிஞ்சும். இப்படிப்பட்ட எல்லைக்குள்ளேயே, ஸ்பாங் ஹில் தாழிகளில் ஏறக்குறைய பாதியில் விலங்கெலும்பு இருந்தது உறுதியாகியிருக்கிறது. பொறுக்கும்போது விடுபட்டதையும், உரு அழிந்து போனதையும் கணக்கில் கொண்டால், விலங்கோடு எரிக்கப்பட்டவர்களின் உண்மையான விகிதம் இதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். ஆகவே ஒரு சில செல்வர்களின் ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த ஊராரின் ஈமச்சடங்கில் விலங்கு இயல்பாகவே இடம்பெற்றிருந்தது.

எந்தெந்த விலங்கு, எந்தெந்தப் பாகம் என்று பார்க்கத் தொடங்கும்போதுதான் சடங்கின் உள்ளமைப்பு தெரிகிறது. ஸ்பாங் ஹில்லில் மிகுதியாகக் காணப்படுவது குதிரை, அடுத்தது ஆடு. குதிரையின் தலை, கால், விலா, முதுகெலும்பு என எல்லாப் பகுதிகளும் கிடைப்பதால் முழு உடலும் சிதையில் ஏற்றப்பட்டது என்று பாண்ட் முடிவு செய்தார். நாயும் அப்படியே. ஆடும் பன்றியும் பெரும்பாலும் இளம் வயதுடையவை; அவை இறைச்சித் துண்டங்களாகவே வைக்கப்பட்டதாகத் தெரிகிறது. ஆக ஒரே சிதையில் இருவகை விலங்குகள் இருந்தன. ஒருவகை முழு உடலோடு இறந்தவரின் பக்கத்தில் கிடந்தது. மற்றொருவகை உணவாகப் படைக்கப்பட்டது.

இந்த வேறுபாட்டை மக்கள் குடியிருந்த இடங்களின் எலும்புகளும் உறுதிசெய்கின்றன. சஃபோக்கில் லார்க் ஆற்றின் கரையிலுள்ள வெஸ்ட் ஸ்டோ என்ற ஆங்கிலோ-சாக்சன் சிற்றூரை 1965 முதல் 1972 வரை ஸ்டான்லி வெஸ்ட் அகழ்ந்தார். அங்கே கிடைத்த உணவுக் கழிவுகளைப் பமேலா கிராப்ட்ரீ ஆராய்ந்தார். ஆடு, மாடு, பன்றி ஆகியவையே அவற்றில் நிறைந்திருந்தன. குதிரை மிகச் சொற்பம். அன்றாடம் அடுப்படியில் அருகியே காணப்பட்ட விலங்கு ஈமச்சிதையில் முதலிடம் பெறுகிறது என்றால், சிதையில் நடந்ததை வெறும் விருந்து என்று விளக்கிவிட முடியாது. பிரிட்டனில் ரோமானியர் ஆண்ட காலத்துத் தகனங்களில் கோழியும் பன்றியும்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. அங்கே சாப்பாடு என்ற விளக்கமே போதும். ஆங்கிலோ-சாக்சன் சிதையிலுள்ள குதிரைக்கு அது போதாது.

குதிரையை எரிப்பது எளிய காரியமும் இல்லை. அக்காலக் குதிரைகள் இன்றைய மட்டக்குதிரை அளவினவே என்றாலும், மனித உடலைப்போல் பல மடங்கு எடையுள்ள உடல் வெந்து வெண்சாம்பலாக வேண்டுமானால் மலைபோல் விறகு வேண்டும். சிதையை அகலமாக அடுக்க வேண்டும். பல மணி நேரம் ஆட்கள் நின்று தீயைக் கிளறி வளர்க்க வேண்டும். உழைப்பும் செல்வமும் ஒருங்கே கேட்கும் செயல் அது. அப்படியிருந்தும் அது ஆண்களுக்கு மட்டுமோ வீரர்களுக்கு மட்டுமோ உரியதாக இருக்கவில்லை. ஸ்பாங் ஹில்லில் பெண்களின் எலும்போடும் குதிரை எலும்பு கலந்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, உடலைப் புதைக்கும் வழக்கமுள்ள இடங்களில் குதிரையோடு புதைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆயுதம் ஏந்திய ஆண்கள் என்று தொல்லியலாளர் கிறிஸ் ஃபெர்ன் காட்டியிருக்கிறார். அத்தகைய புதைகுழிகளும் மிகக் குறைவு. புதைகுழியில் குதிரை ஒரு மனிதனின் பெருமையைச் சொன்னது. சிதையில் அது வேறு எதற்கோ தேவைப்பட்டிருக்கிறது.

எளிதில் கண்ணில் படாத இன்னொரு வகைச் சான்றும் உண்டு. சில தாழிகளில் கரடியின் நக எலும்புகள் மட்டும் கிடைக்கின்றன. கரடியின் வேறு எந்த எலும்பும் இல்லை. உடலைக் கரடித்தோலில் போர்த்தியோ அதன்மேல் கிடத்தியோ எரித்திருக்கிறார்கள்; தோலோடு ஒட்டியிருந்த நகங்கள் எஞ்சின. யானைத் தந்தத்தால் ஆன பை வளையங்கள் எரிந்த துண்டுகளாகக் கிடைக்கின்றன. மான்கொம்புச் சீப்புகள் பல, எரியாமலேயே, சில நேரம் உடைத்த ஒரு பாதி மட்டும், எலும்புகளோடு பின்னால் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கேஸ்டர்-பை-நாரிச்சின் தாழி ஒன்றில் விளையாட்டுக்குப் பயன்பட்ட ஆட்டுக் கணுக்கால் எலும்புகள் பல இருந்தன. அவற்றினூடே இருந்த சிறுமானின் கணுக்கால் எலும்பு ஒன்றில் ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் கிடைத்த மிகப் பழைய ரூன் பொறிப்புகளில் ஒன்று அது. அந்த எழுத்துகள் சிறுமானையே குறிப்பதாகப் படிக்கப்படுகிறது. எந்த விலங்கின் எலும்பு தன் கையில் இருக்கிறது என்பதைப் பொறித்தவர் அறிந்தே பொறித்திருக்கிறார்.

சடங்கின் முதல் கட்டம் சிதை என்றால் இரண்டாவது கட்டம் எலும்பு பொறுக்குதல். இதற்குத் தக்க கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். இக்காலத் தகன மேடைகளில் மெக்கின்லி எடை பார்த்ததில் வளர்ந்த ஒருவரின் எரிந்த எலும்பு ஏறத்தாழ 1 முதல் 2.4 கிலோ வரை இருந்தது. தாழிகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. அதாவது எல்லாவற்றையும் பொறுக்கவில்லை, ஒரு பகுதியை மட்டும் எடுத்தார்கள். முழுக் குதிரை ஒன்று எரிந்தால் மிஞ்சும் எலும்பு எந்தத் தாழியிலும் அடங்காது. எனவே தாழிக்குள் வந்து சேர்ந்த குதிரைத் துண்டுகள் பெருங்குவியலிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி மட்டுமே. அவை தவறிப்போய்க் கலந்துவிட்டன என்று சொல்ல இடமுண்டா? வெந்த நிலையிலும் குதிரையின் தடித்த கால் எலும்பு மனித எலும்பினின்று பார்வைக்கே வேறுபடும். கால்நடையோடு பிறந்து வளர்ந்து, தம் கையாலேயே விலங்கை அறுத்துப் பழகிய மக்களுக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது.

அவர்களுக்கு அது தெரியும் என்பதற்கு நேரடிச் சான்றே உண்டு. ஸ்பாங் ஹில்லில் சில அடக்கங்களில் இரண்டு தாழிகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் பெரும்பாலும் மனித எலும்பு. மற்றொன்றில் பெரும்பாலும் விலங்கெலும்பு. அந்த விலங்குக்கும் மனிதருக்குத் தந்ததைப் போன்ற தாழியே தரப்பட்டது. பிரிக்கத் தெரிந்தவர்கள், விரும்பியபோது பிரித்தவர்கள், மற்ற நூற்றுக்கணக்கான தாழிகளில் பிரிக்காமல் விட்டார்கள். அங்கே கலத்தல் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதே இதிலிருந்து பெறத்தக்க நேர்மையான முடிவு.

இந்த வழக்கத்துக்குப் பல விளக்கங்கள் தரப்பட்டுள்ளன. மறுமைப் பயணத்துக்கான உணவு, இறந்தவரின் சொத்து, குடும்பத்தின் செல்வச் சிறப்பு, தெய்வங்களுக்குப் பலி, வழிகாட்டும் துணை என்று அவை விரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று தேடிப் பிடிக்கலாம். ஆனால் தகனம் செய்த ஆங்கிலோ-சாக்சன்கள் தங்கள் நம்பிக்கையைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. கிடைப்பதெல்லாம் அயலார் சொற்களோ பிற்காலச் சொற்களோதான். கி.பி. 98 அளவில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஜெர்மானியர் சிதையில் இறந்தவனின் ஆயுதங்களை இடுவார்கள் என்றும், சிலருக்குக் குதிரையையும் சேர்ப்பார்கள் என்றும் குறித்தார். வெண்குதிரைகளின் கனைப்பைக் கொண்டு அவர்கள் குறி பார்த்ததையும் அவர் சொல்கிறார். 922-இல் வோல்கா நதிக்கரையில் ரூஸ் தலைவன் ஒருவனின் தகனத்தை நேரில் கண்ட அரபுத் தூதர் இப்னு ஃபத்லான், நாய், இரண்டு குதிரைகள், இரண்டு மாடுகள், சேவல், கோழி ஆகியவை கொல்லப்பட்டு மரக்கலத்தில் இடப்பட்டதை எழுதினார். 13-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டூர்லுசன் தொகுத்த கதையில் பால்டர் என்ற தெய்வத்தின் சிதையில் அவனுடைய குதிரை சேணத்தோடு ஏற்றப்படுகிறது. சிதையில் உடன் எரிந்த பொருளோடுதான் ஒருவன் ஓடின் என்ற தெய்வத்தின் மண்டபத்தை அடைவான் என்ற விதியையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இவற்றில் ஒன்று நானூறு ஆண்டு முந்தியது, ஒன்று நானூறு ஆண்டு பிந்தியது, ஒன்று எழுநூறு ஆண்டு பிந்தியது. வட ஐரோப்பியரிடையே இந்த வழக்கம் பரவலாகவும் நீண்டகாலமாகவும் நிலவியது என்பதற்கு இவை சாட்சி. ஸ்பாங் ஹில்லில் அழுதுகொண்டு நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இவை சாட்சியாகா.

இங்கிலாந்திலேயே எழுதப்பட்டவற்றுள் பீட் என்ற துறவியின் குறிப்புகள் முக்கியமானவை. 725-இல் எழுதிய காலக்கணிப்பு நூலில் அவர், முன்னோர் நவம்பர் மாதத்தை 'இரத்த மாதம்' என்று அழைத்ததாகவும், அறுக்கப்போகும் கால்நடைகளை அப்போது தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டதாகவும் சொல்கிறார். 731-இல் முடித்த திருச்சபை வரலாற்றில் நார்த்தம்பிரிய அரசன் எட்வின் 627-இல் மதம் மாறிய கதை வருகிறது. பழைய சமயத்தின் தலைமைப் பூசாரி கோய்ஃபி தன் கோயிலையே இடிக்கப் புறப்படும்போது அரசனிடம் ஆயுதமும் ஆண்குதிரையும் கேட்டு வாங்கி ஏறுகிறான். பூசாரி ஆயுதம் ஏந்தக் கூடாது, பெண்குதிரையின் மேலன்றி ஏறக் கூடாது என்பது அதுவரை இருந்த விதி. எந்தக் குதிரையில் யார் ஏறலாம் என்பதே சமயக் கட்டளையாக இருந்த சமுதாயத்தில், குதிரையை வெறும் வாகனமாகவோ உடைமையாகவோ பார்த்திருப்பார்கள் என்று நம்ப முடியாது.

ஆய்வாளர்களில் ஹோவர்ட் வில்லியம்ஸ் 2001-இல் முன்வைத்த விளக்கம் கலத்தல் என்ற செயலுக்கு நெருங்கி வருகிறது. தகனத்தை அவர் உருமாற்றமாகப் பார்க்கிறார். தீ பழைய உடலை அழிக்கிறது. அழிந்ததிலிருந்து புதிய முன்னோர் உடல் ஒன்றைத் தாழிக்குள் உயிரோடிருப்பவர்கள் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுமானத்தில் விலங்கும் ஒரு பொருள். சைபீரியா முதலிய இடங்களில் விலங்கின் துணையோடு வேற்றுலகம் செல்லும் ஆவியாடிகளின் மரபை அவர் ஒப்பிட்டார். அந்த ஒப்பீடு தொலைதூரத்தது. அதை ஏற்காமலேயே அவருடைய மையக் கருத்தை ஏற்க இடமிருக்கிறது. அதற்கு வலுவான காரணம் ஈமக்காட்டிலேயே உள்ளது. ஒரே ஊரார் பயன்படுத்திய இடத்தில், உடலைப் புதைத்தபோது விலங்கு அரிதாகவே வருகிறது. எரித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. மறுமைக்கு உணவு வேண்டும், துணை வேண்டும் என்பது மட்டுமே நம்பிக்கையாக இருந்திருந்தால் புதைக்கப்பட்டவருக்கும் அவை வேண்டியிருந்திருக்கும். விலங்கைக் கேட்டது தீயும், தீக்குப்பின் வரும் சேர்க்கையும்.

அக்காலக் கலையும் இதற்கு இசைந்தே நிற்கிறது. 1904-இல் பெர்ன்ஹார்ட் சாலின் வகைப்படுத்திய 'முதலாம் பாணி' விலங்கு அலங்காரம் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலோ-சாக்சன் ஊசிகளிலும் கொக்கிகளிலும் காணப்படுகிறது. அதில் உடல்கள் துண்டு துண்டாகப் பிரிந்து பின்னிக் கிடக்கும். மனித முகமாகத் தெரிவது திருப்பிப் பார்த்தால் விலங்காகும். தாழிகளுள் சிலவற்றின் புறத்திலும் விலங்கு முத்திரைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அந்தத் தாழிகளே வீட்டிலிருந்து வந்தவை. கிளீதம் தாழிகளின் உட்புறத் தேய்மானத்தை ஆராய்ந்த கேரத் பெர்ரி, அவற்றில் பல முன்பு பீர் போன்ற புளிக்கவைத்த பானங்களுக்குப் பயன்பட்டவை என்று காட்டினார். வீட்டுப் பானை, வீட்டு விலங்கு, வீட்டு மனிதர் மூன்றும் ஒரு குழியில் சேர்கின்றன.

மனிதன் தன் தோலோடு முடிந்துவிடுகிறவனா என்ற மெய்யியல் கேள்விக்கு, இந்தச் செயல் ஒரு விடையை உள்ளடக்கியிருக்கிறது. ஆன்மா மனிதனுக்கே உரியது, விலங்கு அவனுக்குப் பயன்படப் படைக்கப்பட்டது என்பது பின்னர் வந்த கிறித்தவத்தின் நிலை. அந்த நிலையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தாழியிலுள்ள குதிரை எலும்பு ஒரு பொருளாக, படையலாக, அடையாளமாக மட்டுமே தெரிந்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் குதிரையோடு நடந்து, ஆட்டின் கம்பளியை உடுத்து, மான்கொம்பால் தலைசீவிய ஒருவர் யார் என்று அவருடைய உறவினரைக் கேட்டால், இவற்றையெல்லாம் கழித்துவிட்டு ஒரு விடை சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே. தாழியை நிரப்பியவர்கள் அவரை அந்த உறவுகளோடு சேர்த்தே எடுத்து வைத்தார்கள். எல்லாத் தாழிக்கும் இது பொருந்தும் என்று கூற இயலாது. விலங்கெலும்பே இல்லாத மறுபாதித் தாழிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால், இது எல்லோருக்கும் விதிக்கப்பட்ட கோட்பாடாக இருக்கவில்லை என்பதும், ஒவ்வொரு சாவிலும் உற்றார் தீர்மானித்தது என்பதும் தெளிவாகிறது.

இந்தச் சடங்கின் கடைசிக் காலத்தைச் சஃபோக்கின் சட்டன் ஹூவில் காணலாம். ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே எழுப்பப்பட்ட மண்மேடுகள் பலவற்றில் தகனம் செய்யப்பட்ட எலும்புகள் உள்ளன; மண்தாழிக்குப் பதில் வெண்கலப் பாத்திரங்களில் வைக்கப்பட்டவையும் உண்டு. குதிரை அவற்றிலும் இருக்கிறது. ஊரார் பலருக்கும் பொதுவாக இருந்த ஒன்று இப்போது பெருந்தலைவர்களின் உரிமையாகிவிட்டது. 1991-இல் மார்ட்டின் கார்வர் குழுவினர் அகழ்ந்த 17-ஆம் மேட்டில் எரிக்கப்படாத இளைஞன் ஒருவன் பெட்டியில் கிடந்தான். பக்கத்தில் தனிக்குழியில் அவனுடைய குதிரை. ஆட்டு விலா இறைச்சி கொப்பரையின் அருகே வைக்கப்பட்டிருந்தது. குதிரைக்குக் குழியும் ஆட்டுக்குக் கொப்பரைப் பக்கமும் என்று, சிதையில் காணப்பட்ட அதே இருவகை இங்கும் தொடர்கிறது. ஆனால் மனிதனும் குதிரையும் இங்கே பிரிந்துவிட்டார்கள்.

597-இல் கிறித்தவத்தைப் பரப்ப வந்த அகஸ்டின் என்ற துறவி கெண்ட் கரையில் இறங்கியபின் மாற்றம் விரைந்தது. 601-இல் போப் கிரிகோரி, மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில், மக்கள் தம் தெய்வங்களுக்கு மாடுகளைப் பலியிடும் வழக்கத்தை முழுதும் பிடுங்கி எறிய வேண்டாம், திருநாள் விருந்துக்காக அவற்றை அறுத்து இறைவனைப் போற்றட்டும் என்று அறிவுரை கூறினார். விலங்கை உண்ணலாம், தெய்வத்துக்குப் படைக்கக் கூடாது என்ற கோடு அங்கே இழுக்கப்பட்டது. ஐரோப்பியப் பெருநிலத்துச் சாக்சன்களை வென்ற சார்லமேன், 780-களில் பிறப்பித்த சட்டத்தில், பழைய முறைப்படி உடலை எரிப்பவருக்கு மரண தண்டனை விதித்தான். 786-இல் இங்கிலாந்து வந்த போப்பின் தூதர்கள் குதிரை இறைச்சி உண்பதைக் கண்டித்தார்கள். தகனம் இங்கிலாந்தில் அதற்கு நெடுங்காலம் முன்னரே, ஏழாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், 1880-கள் வரை, அந்நாட்டில் இறந்தவரை எரிக்கும் முறை மீண்டும் வழக்கத்துக்கு வரவில்லை.